டிப்ளோமாவுக்கு அப்பால்...

மட்டக்குளியில் என் வீட்டு முன்றலில் ஒரு சிறிய மேசை இருக்கிறது. அதன் மேல் ஒரு முத்திரை, ஒரு மைப்பெட்டி. பாடசாலையில் இஸ்லாமும் அரபும் கற்பிக்கும் மௌலவி ஆசிரியர் என்பதோடு, சமாதான நீதவான் என்ற பட்டமும் எனக்கு உண்டு. இஷாத் தொழுகைக்குப் பின் பிள்ளைகள் சான்றிதழ்களையும் அவற்றின் போட்டோப் பிரதிகளையும் கொண்டு வருவார்கள். மூலப் பிரதியையும் நகலையும் ஒப்பிட்டுப் பார்த்து, 'உண்மைப் பிரதி' என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பது என் வேலை. சாதாரண தரச் சான்றிதழ், உயர்தரப் பெறுபேறு, பிறப்புப் பதிவு எல்லாம் வரும். ஆனால் கடந்த சில வருடங்களாக அதிகம் வருவது டிப்ளோமாதான். தடித்த கடதாசி, தங்க எழுத்து, பெரிய முத்திரை. என்னுடைய மௌலவி ஸனதுகூட அவ்வளவு அழகாக இல்லை!

கையொப்பம் வாங்கிய பின் அநேகமாக எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஹஸரத், இதை வைத்துக்கொண்டு டிகிரிக்குப் போகலாமா?" வர்த்தகம், முகாமைத்துவம், கணக்கீடு என்று படித்தவர்களே இவர்களில் பெரும்பாலோர். அது வியப்பல்ல. நம் சமுதாயம் கடையும் தராசுமாக வாழ்ந்த சமுதாயம். இமாம் அபூ ஹனீபா கூபா நகரில் புடவை வியாபாரம் செய்தவர் என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆனால் புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் வாப்பாவின் மகன் வியாபாரத்தை ஒரு படிப்பாகப் படிக்கப் போகிறேன் என்றால், "கடையில் படிக்காததையா அங்கே படிக்கப் போகிறாய்?" என்று கேட்கிறோம்.

இந்த விடயத்தில் ஒரு மௌலவிக்கு என்ன தெரியும் என்று வாசகர்கள் நினைக்கலாம். சான்றிதழின் எடை பற்றி எங்களைப் போல் அறிந்தவர்கள் குறைவு என்பேன். ஏழு வருடம் அரபுக் கல்லூரியில் ஓதி ஸனது வாங்கி வெளியே வருகிறோம். ஒரு கந்தோரில் அதை நீட்டினால், "இது எதற்குச் சமம்?" என்று லிகிதர் கேட்பார். அதற்காகவே பரீட்சைத் திணைக்களத்தின் அல்-ஆலிம் பரீட்சையை எழுதினோம். வெளிநாடு செல்ல விரும்பியவர்கள் தங்கள் கல்லூரிக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் 'முஆதலா' இருக்கிறதா என்று விசாரித்து அலைந்தார்கள். முஆதலா என்றால் சமநிலை அங்கீகாரம். நான் பின்னர் வெளிவாரியாகக் கலைமாணிப் பட்டம் எழுதினேன். ஆகவே, கையில் ஒரு சான்றிதழ் இருப்பதும் அடுத்த வாசல் அதற்குத் திறப்பதும் இரு வேறு விடயங்கள் என்பது எனக்குப் புதிதல்ல.

இலங்கையில் இப்போது இதற்கு ஓர் ஏணி வரையப்பட்டிருக்கிறது. 2012இல் உயர்கல்வி அமைச்சு வெளியிட்டு, 2015இல் திருத்திய இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பு என்பது அதன் பெயர். அதில் டிப்ளோமா மூன்றாம் படி. உயர் டிப்ளோமா நான்காம் படி. மூன்று வருடப் பட்டம் ஐந்தாம் படி. நான்கு வருடச் சிறப்புப் பட்டம் ஆறாம் படி. படியை அளக்க 'கிரெடிட்' என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரப் படிப்பு. வகுப்பில் இருக்கும் நேரம் மட்டுமல்ல, வீட்டில் வாசிப்பது, ஒப்படை எழுதுவது எல்லாம் சேர்த்து. டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் வேண்டும். அதாவது 1,500 மணி நேரம். உயர் டிப்ளோமாவுக்கு 60, பட்டத்துக்கு 90, சிறப்புப் பட்டத்துக்கு 120. ஞாயிறு காலை மட்டும் ஆறு மாதம் போய் எடுத்த டிப்ளோமாவை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், பெயர் ஒன்றாக இருந்தாலும் நிறை ஒன்றல்ல என்பது யாருக்கும் விளங்கும். தொழிற்கல்விப் பக்கத்தில் இதற்குச் சமாந்தரமாக இன்னோர் ஏணி இருக்கிறது. அங்கே தேசிய தொழிற்தகைமை ஐந்தாம் மட்டம் டிப்ளோமா, ஆறாம் மட்டம் உயர் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டம். அந்த வழியில் வந்தவர்களுக்காகவே இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டது.

எங்கள் மட்டக்குளியிலேயே ஓர் உயர் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது. இலங்கை உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் கிளை அது. 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அந்நிறுவகத்தின் தலைமையகம் கொழும்பு 10இல், டீ.பி. ஜாயா மாவத்தையில். ஸாஹிராவை 1921 முதல் 1948 வரை அதிபராக இருந்து கட்டியெழுப்பிய ஜாயாவின் பெயரைத் தாங்கிய வீதியில் இப்படியொரு கல்விக் கந்தோர் இருப்பது பொருத்தம்தான். அங்கே நம் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடினால் இன்னும் பொருத்தமாக இருக்கும். பக்கத்தில் இருப்பதன் அருமை நமக்குத் தெரிவதில்லை. கட்டணம் வாங்காத அரச நிறுவகத்தைத் தாண்டி 155 பஸ்ஸில் ஏறி, காலி வீதிப் பக்கம் காசு கட்டிப் படிக்கப் போகும் பிள்ளைகளை நான் தினமும் காண்கிறேன்.

அந்த நிறுவகம் நடத்தும் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமாவின் கதை டிப்ளோமாக்காரர் எல்லோரும் அறிய வேண்டியது. 1990இல் வந்த பொது நிர்வாகச் சுற்றறிக்கை ஒன்று, அரச வேலைக்கு ஆட்களைச் சேர்க்கும்போது அந்த டிப்ளோமாவை வணிகமாணிப் பட்டத்துக்குச் சமமாகக் கொள்ளச் சொன்னது. நான்கு வருடப் படிப்பு அது என்பதால் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. பின்னர் அந்தச் சமநிலை நீக்கப்பட்டது. இழந்ததைத் திருப்பிக் கேட்டு மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். 2015 ஒக்டோபர் 29ஆம் திகதி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இருக்கும் வோட் பிளேஸில் பொலிசார் அவர்களைப் பொல்லுகளால் அடித்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. பெண் பிள்ளைகளும் அடி வாங்கினார்கள். நான்கு வருடம் படித்த பிள்ளை தன் படிப்பு எதற்குச் சமம் என்று கேட்கப் போய்த் தலையில் கட்டோடு வீடு திரும்பியதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. 'சமம்' என்பது வேறு, 'பட்டம்' என்பது வேறு. சமம் என்பதை ஒரு சுற்றறிக்கை தரும், இன்னொன்று எடுக்கும். பட்டத்தை யாரும் எடுக்க முடியாது.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் ராத்தாவின் மகள், எனக்கு மருமகள் முறை. 2019இல் தமிழ் மொழியில் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் எழுதி மூன்று பாடமும் சித்தியடைந்தாள். ஆனால் இஸட் புள்ளி போதவில்லை. நம் நாட்டில் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு தழுவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படியும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. கொழும்பு மாவட்டம் என்றால் மட்டக்குளிச் சந்துப் பிள்ளையும் பெரிய கல்லூரிகளின் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். முகவரியில் கொழும்பு என்று இருப்பதால் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த சலுகை இதுதான்!

நகரில் ஒரு தனியார் நிறுவகத்தில் முகாமைத்துவ டிப்ளோமாவுக்குச் சேர்ந்தாள். துண்டுப் பிரசுரத்தில் 'பட்டத்துக்கு நேரடி வழி' என்று அச்சடித்திருந்தது. கொரோனாக் காலம். பாதி வகுப்புகள் கைத்தொலைபேசியில் நடந்தன. 2021 முடிவில் டிப்ளோமா கிடைத்தது. அடுத்து என்ன என்று கேட்டபோதுதான் அந்த 'நேரடி வழி' விளங்கியது. முதலில் அங்கேயே இன்னொரு வருடம் உயர் டிப்ளோமா. அதன் பின் ஓர் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் இறுதி வருடம். அந்த இறுதி வருடத்துக்கான கட்டணம் பவுணில். வேறு எந்த வாசலுக்கும் அந்தச் சான்றிதழில் வழி எழுதப்பட்டிருக்கவில்லை.

அப்போது 2022 வந்தது. மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. பவுணும் அப்படியே ஏறியது. மச்சானுக்குப் புறக்கோட்டையில் பிளாஸ்டிக் சாமான் கடை. ஜனவரியில் அவர் கணக்குப் போட்டு வைத்திருந்த கட்டணம், ஜூனில் எட்டிப் பிடிக்க முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. "இருக்கிற டிப்ளோமா போதும். இனி ஒரு நல்ல இடம் பார்ப்போம்" என்று மச்சான் சொல்லிவிட்டார். ஓர் இடமும் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் படிப்பைத் தொடரச் சம்மதிக்கவில்லை. ராத்தா என்னைக் கூப்பிட்டனுப்பினார். "தம்பி, நீ ஓதின ஆள். நீ சொன்னால் அவள் கேட்பாள். கொஞ்சம் புத்தி சொல்லு" என்றார்.

மருமகள் என் முன்னால் வந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் புத்தி சொல்லவில்லை. "மகள், உங்கட டிப்ளோமாவையும், ஒவ்வொரு பாடத்திலும் என்ன படிப்பிச்சாங்க என்று இருக்கிற கடதாசிகளையும் கொண்டு வாங்க" என்றேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ராத்தாவின் முகத்தில் அதற்கு எதிர்மாறானது வந்தது. ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தும் முடிவு எடுக்கப்படுவதானால், முதலில் எல்லா வாசலையும் தட்டிப் பார்த்துவிட்டு எடுக்கட்டும் என்பது என் எண்ணம்.

தட்டிய வாசல்களைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கும் உதவும். முதலாவது, வெளிவாரிப் பட்டம். அதற்கு டிப்ளோமா தேவையில்லை, உயர்தரச் சித்தியே போதும். ஆனால் வழிநடத்த ஆளில்லாமல் தனியே படித்து வருடக் கணக்கில் இழுபடுபவர்களை நான் என் சகோதர ஆசிரியர்களிடையே கண்டிருக்கிறேன். இரண்டாவது, 2017இல் அரசு ஆரம்பித்த வட்டியில்லா மாணவர் கடன். பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் அங்கீகாரம் பெற்ற அரச சார்பற்ற நிறுவனங்களில் பட்டம் படிக்க, ஆரம்பத்தில் 8 இலட்சம் ரூபா வரை கொடுத்தார்கள். வட்டிக்குப் பயந்து கடன் என்றாலே விலகி நிற்கும் நம் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மிம்பரில் நின்று சொல்லக்கூடிய செய்தி இது. ஆனால் குறிப்பிட்ட வருடத்தில் உயர்தரம் எழுதியவர்களிடமிருந்தே ஒவ்வொரு முறையும் விண்ணப்பம் கோருகிறார்கள். மருமகளின் வருடம் கடந்துவிட்டது. மூன்றாவது, நாவலையில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகம்.

திறந்த பல்கலைக்கழகம் 1980இல் ஆரம்பிக்கப்பட்டது. 'திறந்த' என்ற சொல்லைக் கேட்டு அது தரம் குறைந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழுள்ள அரச பல்கலைக்கழகம் அது. முகாமைத்துவக் கற்கைமாணிப் பட்டம் அங்கே ஆங்கில மொழியில் நடக்கிறது. பாட நூல்களை வீட்டுக்குக் கொண்டு வந்து படிக்கலாம். வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதியில். இடைக்கால மதிப்பீடுகளில் போதிய புள்ளி எடுக்காவிட்டால் இறுதிப் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள். காசு கட்டினால் சித்தி என்ற பேச்சு அங்கே இல்லை. கட்டணம் ரூபாவில், தவணையாகக் கட்டலாம்.

நானும் மருமகளும் இரண்டு பஸ் மாறி நாவலைக்குப் போனோம். கருமபீடத்தில் இருந்த ஒரு சகோதர இனத்துப் பெண்மணி கடதாசிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். இந்த டிப்ளோமாவுக்காகப் பாடங்களைக் கழிப்பது கஷ்டம், முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் நல்லது என்றார். மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண்மணி குரலைத் தாழ்த்தி, "பாடம் கழியாவிட்டாலும் படித்தது கழியாது, மகள். முதல் வருடம் உங்களுக்கு லேசாக இருக்கும்" என்று தமிழும் சிங்களமும் கலந்து சொன்னார். அவர் சொன்னபடியே நடந்தது. முதல் வருடக் கணக்கீட்டுப் பாடத்தில் மருமகள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவளை வாட்டியது ஆங்கிலமும் புள்ளிவிபரவியலும்தான். தமிழ் மொழியில் படித்து வரும் நம் பிள்ளைகளுக்கு டிப்ளோமாவின் உண்மையான பயன் ஆங்கிலத்தில் பாடம் கேட்டுப் பழகுவது என்றே நான் இப்போது கருதுகிறேன்.

டிப்ளோமாவில் படித்ததையே பட்டத்தில் நீட்டிப் படிப்பிக்கிறார்கள் என்று மச்சான் நினைத்திருந்தார். எனக்கும் ஆரம்பத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நாள் மருமகள் கேட்டாள்: "மாமா, ஸகாத்துக்குக் கடைச் சரக்கை எந்த விலையில கணக்குப் பாக்கணும்?" வருடம் பூர்த்தியாகும் நாளின் சந்தை விலையில் என்பது பெரும்பான்மை இமாம்களின் கருத்து என்றேன். "எங்கட கணக்கீட்டில வாங்கின விலை, விக்கக்கூடிய தேறிய விலை, இது ரெண்டில எது குறைவோ அதைத்தான் எழுதணும். அப்ப வாப்பாட கடையில ஒரே சரக்குக்கு ரெண்டு பெறுமதி வருது. ஏன் மாமா?" என்றாள். டிப்ளோமாவில் அவளுக்குச் சரக்கைக் கணிக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏன் அப்படிக் கணிக்க வேண்டும், யாருக்காக என்ற கேள்வியைப் பட்டப் படிப்புத்தான் அவளுக்குள் எழுப்பியது. கணக்கீடு இலாபத்தைக் கூட்டிச் சொல்லிவிடக்கூடாதே என்று பயப்படுகிறது; ஸகாத் ஏழையின் பங்கு குறைந்துவிடக்கூடாதே என்று பயப்படுகிறது. அந்த இரவு நாங்கள் இருவரும் பதினொரு மணி வரை பேசினோம். அரபுக் கல்லூரியில் பிக்ஹு நூல்களின் மேல் சண்டை பிடித்த காலம் எனக்கு நினைவுக்கு வந்தது.

அதே கேள்வியைப் பிடித்துக்கொண்டு 2022இல் கடைக்கு நடந்தது என்ன என்பதையும் அவள் வாப்பாவுக்கு எழுதிக் காட்டினாள். டொலர் ஏறிக்கொண்டிருந்தபோது மச்சான் பழைய சரக்கைப் பழைய விலையில், வழக்கமான இலாபம் வைத்து விற்றார். நேர்மையான மனிதர், விலையைக் கூட்ட மனம் வரவில்லை. 200 ரூபாவுக்கு வாங்கியதை 240க்கு விற்று 40 ரூபா இலாபம் என்று கொப்பியில் எழுதினார். ஆனால் அதே வாளியைத் திருப்பி வாங்கப் போனால் 350 ரூபா. கொப்பியில் இலாபம் இருந்தது, இறாக்கை வெறுமையாக இருந்தது. "உழைச்ச காசு எங்க போச்சு என்று ரெண்டு வருஷமா யோசிச்சன்" என்று மச்சான் என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து கடையின் கடன் கொப்பியும் கணக்கும் மகளின் பொறுப்பு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் ஸூரதுல் பகராவின் 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை நான் எத்தனையோ முறை ஜும்ஆவில் சொல்லியிருக்கிறேன். மச்சானின் கடையில் அதைச் செய்ய வைத்தது என் பயான் அல்ல.

முன்பு வந்த சம்பந்தம் அப்படியே நின்றுபோனது. ராத்தா பல நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பெண் பிள்ளைக்கு வயது ஏறுகிறதே என்ற தாயின் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இதைப் படிக்கும் தாய்மாரிடமும் அதை லேசாக எடுங்கள் என்று சொல்லமாட்டேன். கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 'படிப்பை நிறுத்துகிறாளா?' என்பதற்குப் பதில், 'இன்னும் எத்தனை கிரெடிட் பாக்கி?' என்று கேட்டால் இரு வீட்டாருக்கும் ஒரு கணக்குக் கிடைக்கும். சென்ற வருடம் வந்த இடத்தில் அப்படித்தான் பேசப்பட்டது. பையன் ஒரு கம்பனியில் கணக்குப் பகுதியில் இருக்கிறார். பேச்சு இன்னும் முடிவாகவில்லை, நடந்துகொண்டிருக்கிறது.

என் மேசைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் இப்போது கையொப்பமிடும் முன்பே சில விடயங்களை விசாரிக்கிறேன். சான்றிதழைத் தருவது யார், வகுப்பு நடத்துவது யார், இரண்டும் ஒன்றா? நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா, அந்தக் குறிப்பிட்ட கற்கைநெறிக்கும் தர அங்கீகாரம் இருக்கிறதா? நிறுவனத்தின் பதிவைக் காட்டிக் கற்கைநெறியையும் சேர்த்து விற்பவர்கள் உண்டு. வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தை நமது மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா? உள்நாட்டுத் தனியார் பட்டம் என்றால், 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் பட்டம் வழங்க அந்நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறதா? கட்டணம் ரூபாவிலா, பவுணிலா? எல்லாவற்றுக்கும் மேலாக, 'இந்த டிப்ளோமாவுக்கு இத்தனை கிரெடிட் கழிப்போம்' என்பதைப் பிள்ளை சேரப்போகும் பல்கலைக்கழகம் கடிதத்தில் எழுதித் தருமா? டிப்ளோமா விற்பவர் வாயால் சொல்வது கணக்கில் வராது.

மருமகள் இப்போது நான்கு வருடப் பட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறாள். ஆய்வுக் கட்டுரை எழுதுகிறாள். புறக்கோட்டைச் சிறு வியாபாரிகள் கடனுக்குச் சரக்குக் கொடுப்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பது தலைப்பு. 50 கடைகளுக்கு வினாக்கொத்துக் கொடுக்க வேண்டும். கெய்ஸர் வீதியில் ஒரு பெண் பிள்ளை கடதாசியோடு ஏறி இறங்கினால், வருமான வரிக் கந்தோரிலிருந்து வந்த ஆள் என்று நினைத்து முதலாளிமார் உள்ளே போய்விடுகிறார்கள். முதல் கிழமையில் நான்கு மட்டுமே திரும்பி வந்தன. இரண்டாம் கிழமை மச்சான் தன் கடையைப் பொடியனிடம் விட்டுவிட்டுக் கட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். "நம்மட மகள்ட பரீட்சை, நானா. பேர் எழுதத் தேவையில்ல. உள்ளதைச் சொல்லுங்க" என்று கடை கடையாக ஏறினார். நேற்று இரவு வரை 37 வந்துவிட்டனவாம்.